பள்ளி திறந்திருக்கும் நேரம்



ஐயாவின் நினைவு நாளில் ஆண்டுதோறும் ஓர் உரை நிகழ்த்துவதும், அதைச் சிறு நூலாக அச்சிட்டு வழங்குவதும் நம் மன்றத்தின் வழக்கம். தன்வரலாறு, பறை, பஞ்சமி நிலம், கவிதை என்று பலவற்றைப் பேசியிருக்கிறோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் வாத்தியாராக இருந்த ஒருவரின் நினைவுரையில் பள்ளிக்கூடத்தைப் பற்றி நாம் ஒரு முறைகூடப் பேசவில்லை. இந்த ஆண்டு அழைப்பிதழ் எழுத உட்கார்ந்தபோதுதான் அது எங்களுக்கு உறைத்தது.

இன்னொரு காரணமும் உண்டு. போன ஆண்டு கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நம் தம்பி ஒருவர் சற்றுக் கோபமாகவே கேட்டார்: "பள்ளிக்கூடம்தான் சாதியைச் சொல்லிக் கொடுக்குது. நம்ம பிள்ளைங்கள மக்குன்னு முத்திரை குத்தி வெளியில தள்றதும் அதுதான். அந்தப் பள்ளிக்கூடத்தைக் காப்பாத்தணும்னு நீங்க ஏன் மனு எழுதிக்கிட்டு அலையிறீங்க?" அவர் கேட்டது, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லி வேறொரு பள்ளியோடு சேர்க்கப் பார்க்கிற நம் பக்கத்துக் காலனியின் தொடக்கப் பள்ளியைப் பற்றி. அன்று நாங்கள் சொன்ன பதில் எங்களுக்கே திருப்தியாக இல்லை. ஏனென்றால், பள்ளி என்பது ஏற்றத்தாழ்வை உற்பத்தி செய்யும் ஆலை என்று நாமும் எழுதியிருக்கிறோம், மேடையிலும் பேசியிருக்கிறோம். கைதட்டலும் வாங்கியிருக்கிறோம்.

அந்த வாக்கியத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாக முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. பள்ளிக்குள் நம் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பது ஒன்று. அந்தப் பள்ளியே இல்லாமல் போனால், நம் பிள்ளைக்கும் வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் படிப்பில் உள்ள இடைவெளி குறையுமா, கூடுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு நம் உடம்பிலேயே பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்வியை நாம் கேட்டதே இல்லை. அதைத்தான் இன்று முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. வாசிக்கத் தெரியாமல் ஒரு பிள்ளை எட்டாம் வகுப்பு வந்திருந்தால், அது வீடு செய்ததா பள்ளி செய்ததா என்பதைப் பட்டியல் சொல்லாது. பள்ளி நடக்கும் காலத்தையும் நடக்காத காலத்தையும் தனித்தனியே அளந்து பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, ஆண்டுதோறும் வரும் கோடை விடுமுறை. மற்றொன்று, யாரும் விரும்பாமல் வந்து சேர்ந்த கொரோனா.

கோடை விடுமுறையை வைத்துச் செய்த ஆய்வுகளில் பெயர்பெற்றது அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்தது. 1982-இல் 20 அரசுப் பள்ளிகளில் முதல் வகுப்பில் சேர்ந்த 790 பிள்ளைகளை டோரிஸ் என்ட்விசிலும் கார்ல் அலெக்சாண்டரும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். பள்ளியாண்டு தொடங்கும்போது ஒரு தேர்வு, முடியும்போது ஒரு தேர்வு. இப்படி அளந்தபோது, பள்ளி நடந்த மாதங்களில் ஏழை வீட்டுப் பிள்ளையும் வசதியான வீட்டுப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் முன்னேறியிருந்தார்கள். இடைவெளி விரிந்தது விடுமுறையில். இதை அவர்கள் குழாயை உவமையாக வைத்து விளக்கினார்கள். பள்ளி நடக்கும்போது பொதுக்குழாயில் எல்லாருக்கும் தண்ணீர் வருகிறது. விடுமுறையில் குழாய் நின்றுவிடுகிறது. அப்போது சொந்தக் கிணறு உள்ளவருக்கு மட்டும் தண்ணீர் உண்டு என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம். குழாயும் கிணறும் நம் சேரிகளில் என்ன பொருள் தருகிற சொற்கள் என்பது அந்தப் பேராசிரியர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்த ஆய்வைப் பின்னால் வந்தவர்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய தேர்வுகளின் மதிப்பெண் அளவுகோலில் குறை இருக்கிறது, புதிய அளவுகோல்களை வைத்துப் பார்த்தால் விடுமுறை இடைவெளி அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை என்று பால் வான் ஹிப்பல் போன்றோர் 2019-இல் எழுதினார்கள். ஆனால் அவர்களின் முடிவும் பள்ளியைக் குற்றவாளியாக்கவில்லை. இடைவெளியின் பெரும்பகுதி பிள்ளை பள்ளி வாசலை மிதிப்பதற்கு முன்பே, ஐந்து வயதுக்குள்ளேயே உருவாகிவிடுகிறது என்பதே அவர்கள் கண்டது. இந்த ஐந்து வயது விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஏறத்தாழ 19 மாதங்கள். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது. வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வந்தது. நம் காலனியில் வீட்டுக்கு ஒரு செல்போன் இருந்தால் அதிகம். அதையும் அப்பா காலையில் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். எட்டாம் வகுப்புப் பையன்கள் சென்டரிங் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போனார்கள். பெண்பிள்ளைகள் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். ஊர்த்தெருவில் அதே மாதங்களில் ஆசிரியர் வீட்டுத் திண்ணைகளில் டியூஷன் நடந்துகொண்டிருந்தது. இது நாம் கண்ணால் பார்த்தது.

பார்த்ததை அளந்தவர்களும் இருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய மூவர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் தொடக்கப் பள்ளி வயதுடைய சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். அவர்களிடம் 2019-இல் அதே கிராமங்களில் எடுத்த அளவீடும் இருந்தது. அதனால் அதே ஊரில் அதே வயதுப் பிள்ளைகள் கொரோனாவுக்கு முன் எங்கே இருந்தார்கள், 2021 டிசம்பரில் எங்கே இருக்கிறார்கள் என்று ஒப்பிட முடிந்தது. அவர்களின் புள்ளியியல் அளவைச் சாதாரணக் கணக்காக மாற்றினால் இப்படி வரும். 2019-இல் 100 பிள்ளைகளைக் கணக்குத் திறனின்படி கடைசியிலிருந்து வரிசையாக நிறுத்துங்கள். நடுவில் 50-ஆவது இடத்தில் ஒரு பிள்ளை நிற்கும். 2021 டிசம்பரில் அதே வயதில் நடுவில் இருந்த பிள்ளையைக் கொண்டுவந்து அந்தப் பழைய வரிசையில் நிறுத்தினால், அதற்குக் கிடைக்கும் இடம் 23. தமிழில் 37.

கணக்கில் இவ்வளவு சரிவு, தமிழில் ஏன் அதில் பாதி? நமக்குத் தோன்றுவதைச் சொல்கிறோம். தமிழ் வீட்டிலும் தெருவிலும் இருக்கிறது. அது பாடநூல் தமிழ் இல்லைதான். ஆனாலும் கதையாக, பாட்டாக, சண்டையாக நாள் முழுக்கக் காதில் விழுகிறது. கடன் வாங்கிக் கழிப்பதும் வகுத்தலும் பின்னமும் வீட்டில் கிடையாது. பள்ளி மூடினால் அவை அந்த ஊரிலிருந்தே போய்விடுகின்றன. எது பள்ளியில் மட்டும் கிடைக்கிறதோ அதில்தான் இழப்பு அதிகம்.

அந்த ஆய்வின் அடுத்த பகுதிதான் நம் தம்பியின் கேள்விக்கு நேரான பதில். மூடியிருந்த காலத்தில் பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகளே அதிகம் இழந்தார்கள். பள்ளி திறந்த பிறகு? ஆறே மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் முன்னால் நின்றவர்களும் பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகளே. மீட்சியில் சுமார் கால் பங்கு, அதாவது 24 விழுக்காடு, மாலை நேர 'இல்லம் தேடிக் கல்வி' வகுப்புகளால் வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், நம் தெருவில் பன்னிரண்டாம் வகுப்போ பட்டப்படிப்போ முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள்தான் பாடம் எடுத்தார்கள். வசதியான வீடுகள் அதை அதிகம் நாடவில்லை, நம் பிள்ளைகள் போனார்கள். மற்றபடி நடந்தது என்ன? வழக்கமான பள்ளிக்கூடம் வழக்கம்போலத் திறந்திருந்தது. நாம் குறை சொல்லிச் சொல்லிச் சலித்த அதே பள்ளி, அதே வாத்தியார்கள்.

ஆக, பள்ளி மூடினால் இடைவெளி விரிகிறது, திறந்தால் சுருங்குகிறது. பள்ளி நல்லது என்பதால் அல்ல. பள்ளிக்கு வெளியே உள்ள உலகம் அதைவிட மிக மோசமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதால். வீட்டில் எத்தனை புத்தகம், அம்மா எவ்வளவு படித்தார், உட்கார்ந்து எழுத இடம் உண்டா, இருட்டிய பிறகு யார் பாடம் கேட்பார் என்பவையெல்லாம் நிலம் போலத்தான், சாதியின் கணக்கில் கைமாறி வந்தவை. பள்ளி ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரத்துக்கு அந்தப் பங்கீட்டைக் கொஞ்சம் தடுத்து நிறுத்துகிறது.

இந்தக் கண்ணோட்டத்தோடு 1953-ஐத் திரும்பிப் பார்க்கலாம். அந்த ஆண்டு ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை நாம் குலக்கல்வித் திட்டம் என்றே அறிவோம். கிராமப் பள்ளிகளில் படிப்பு நாளுக்கு மூன்று மணி நேரம், மீதி நேரம் அப்பன் தொழில். அப்பன் தொழிலைப் படிக்கச் சொன்னதுதான் போராட்டத்தின் மையமாக இருந்தது, அது சரியும்கூட. ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை நாம் போதிய அளவு பேசவில்லை. ஒரு வார்த்தைகூடத் தொழிலைப் பற்றிச் சொல்லாமல் பள்ளி நேரத்தை மட்டும் குறைத்திருந்தாலும் விளைவு அதுவாகத்தான் இருந்திருக்கும். பிற்பகல் முழுவதும் கணக்குப்பிள்ளை வீட்டுப் பையனுக்கு அது இரண்டாவது பள்ளி. பண்ணையாள் வீட்டுப் பையனுக்கு எருமை மாடு. 1954-இல் காமராசர் ஆட்சி அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அன்று நம்மவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது அந்தப் பிற்பகல்.

நம் முன்னோடிகளுக்கு இது தெரிந்திருந்தது. 1894-இல் கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவினார். 1920-களில் அன்றைய தொழிலாளர் துறை சேரிகளில் பள்ளிகளைத் திறந்தது. லேபர் பள்ளி என்று பழையவர்கள் சொல்வார்கள். பொதுப்பள்ளி வாசலில் நம் பிள்ளைகளை விடவில்லை என்பதால் சேரிக்குள்ளேயே எழுந்த பள்ளிகள் அவை. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கே இருக்கிறது. 2023 நிதிநிலை அறிக்கையில் அவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக அரசு அறிவித்தபோது நமக்குள் இரண்டு கருத்து எழுந்தது. தனிப்பள்ளி என்பதே ஒதுக்கல்தான் என்று ஒரு சாரார். பொதுத் துறைக்குப் போனால் பிள்ளைகள் குறைந்த பள்ளி என்று சொல்லி மூடிவிடுவார்கள் என்று மற்றொரு சாரார். எந்தத் துறையின் பெயர்ப்பலகை என்பதைவிட, ஆறு வயதுப் பிள்ளை நடந்து போகும் தூரத்தில் பள்ளி திறந்திருக்கிறதா என்பதையே நாம் முதலில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறோம். இதில் மாறுபடுகிற தோழர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள்.

இனி முதல் கேள்வி, பள்ளிக்குள் நடப்பது. இடைவெளியைச் சுருக்குகிறது என்பதற்காகப் பள்ளிக்கு நற்சான்று எழுதிக் கொடுக்க நாம் வரவில்லை. சுருக்க வேண்டிய அளவுக்கு அது சுருக்கவில்லை, சில இடங்களில் அதுவே விரிக்கவும் செய்கிறது. எப்படி என்பதைக் காட்டும் ஒரு சோதனை உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இருவர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறு, ஏழாம் வகுப்புச் சிறுவர்களிடம் புதிர்ப்பாதைத் தாளைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். 321 பேர் மேல்சாதியினர், 321 பேர் தலித்துகள். யாருடைய சாதியையும் சொல்லாமல் விட்டபோது இரு தரப்பும் ஏறக்குறைய சமமாகவே புதிர்களை முடித்தார்கள். வேறு சில குழுக்களில், தொடங்கும் முன் ஒவ்வொரு பையனின் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி ஆகியவற்றை எல்லார் முன்னும் உரக்கப் படித்தார்கள். தலித் சிறுவர்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை விழுந்தது. யாரும் அவர்களைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. படித்தார்கள், அவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் உங்களில் பலருக்குச் சொந்த வகுப்பறை நினைவுக்கு வந்திருக்கும். உதவித்தொகைப் படிவம் வந்த நாளில், "எஸ்.சி. பசங்கள்லாம் எந்திரிச்சு நில்லுங்க" என்று சொன்ன குரல். எழுந்து நின்றவர்கள் நாங்களும்தான். அது நடந்த பிற்பகல் நடத்திய பாடம் எது என்று இன்றுவரை எங்களுக்கு ஞாபகம் இல்லை. புதிர்ப்பாதைச் சோதனையைப் படித்த பிறகுதான் அந்த மறதியின் காரணம் விளங்கியது.

திருத்தும் பேனாவையும் பார்க்க வேண்டும். ரெமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் விடைத்தாள்களின் முகப்பில் வயது, பால், சாதி ஆகியவற்றைக் குலுக்கல் முறையில் எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்ந்த சாதி என்று குறித்த தாள்களுக்கு மதிப்பெண் சற்றுக் குறைந்தே வந்தது. குறைந்த அளவு சிறியதுதான். ஆனால் சங்கடமான செய்தி ஒன்று அதில் இருக்கிறது. அப்படிக் குறைத்துப் போட்டவர்களில் முன்னால் இருந்தவர்கள் தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்து வந்த ஆசிரியர்களே. நம்முடைய ஆசிரியர் தோழர்கள் இதைக் கேட்டு எங்கள் மேல் வருத்தப்படலாம். நம் பிள்ளையிடம் குறைவாக எதிர்பார்க்கும் பழக்கம் நம் கைக்குள்ளும் புகுந்திருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் வேறு எங்கே போய்ச் சொல்வது?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள் வெட்டப்பட்ட பிறகு நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைந்தது. சாதிக் கயிறுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதல் என்று 2024 ஜூனில் அது பரிந்துரைகள் தந்தது. அந்த அறிக்கையை ஒழுங்கு நடவடிக்கை என்று மட்டும் படிக்காதீர்கள். அது கணக்குப் பாடத்தைப் பற்றிய அறிக்கையும்தான். பக்கத்து பெஞ்சுக்காரனின் கைக்கயிற்றைப் பார்த்துப் பயந்துகொண்டே யாரும் இயற்கணிதம் படிக்க முடியாது.

தனியார் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் நகையை அடகு வைத்து வேன் வரும் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். ஒருங்கிணைந்த ஆந்திரத்தின் கிராமங்களில் குலுக்கல் முறையில் கட்டணம் கொடுத்துத் தனியார் பள்ளிக்கு அனுப்பிய பிள்ளைகளை நான்கு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, தெலுங்கிலும் கணக்கிலும் அவர்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிட மேலாக இல்லை. இந்தியில் மேலாக இருந்தார்கள். அடகுச் சீட்டை எடுக்கும் முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வயது விஷயத்துக்கு வருவதாகச் சொன்னோம். இட ஒதுக்கீடு, கல்லூரி விடுதி, பின்னடைவுப் பணியிடம் ஆகியவற்றுக்காக இந்த மன்றம் எத்தனை தெருமுனைக் கூட்டம் போட்டிருக்கிறது என்று கணக்கில்லை. அங்கன்வாடிக்காக ஒன்றுகூடப் போட்டதில்லை. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. பெரும்பாலும் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகள் கணக்கு, பதிவேடு, செல்போனில் பதிவேற்றம். இதற்கு நடுவில் மூன்று வயதுப் பிள்ளைக்கு நிறமும் எண்ணும் கதையும் சொல்லிக்கொடுக்க அந்த அம்மாவுக்கு நேரம் எங்கே?

இதற்கும் தமிழ்நாட்டிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. 320 மையங்களை எடுத்து, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக நியமித்தார்கள். முன்பருவக் கல்விக்கான நேரம் இரு மடங்கானது. ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். பழைய பணியாளருக்கு மற்ற வேலைகளைப் பார்க்க நேரம் கிடைத்ததால் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் விகிதமும் குறைந்தது. கட்டடம், கணினி எதுவும் புதிதாக வரவில்லை. கூடுதலாக வந்தது ஓர் ஆள், அரை நாள்.

ஆகவே பக்கத்துக் காலனிப் பள்ளி விஷயத்தில் மன்றம் எடுத்திருக்கும் நிலை இது. பள்ளியை மாற்றக் கூடாது என்பது மட்டுமல்ல. அதே வளாகத்தில் உள்ள அங்கன்வாடிக்குக் கூடுதல் பணியாளர் வேண்டும், மாலை வகுப்பு தொடர வேண்டும், சாதி கேட்டு எழுப்பி நிறுத்தும் வழக்கம் எந்த வகுப்பிலும் கூடாது, படிவத்தை அலுவலக அறையில் தனியாகக் கொடுக்க வேண்டும். நான்கையும் ஒரே மனுவில் எழுதியிருக்கிறோம். வெளியே மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கடைசியாக ஐயாவைப் பற்றி. அவர் மறைந்த பிறகு வீட்டில் பரணைச் சுத்தம் செய்தபோது பதினோரு வருகைப் பதிவேடுகள் கிடைத்தன. பள்ளிப் பதிவேடு இல்லை. நாற்பது பக்க நோட்டில் அவரே கோடு போட்டது. எல்லாம் மே மாதங்கள். கோடை விடுமுறையில் காலை ஏழு முதல் பத்து வரை அம்மன் கோயிலுக்குப் பின்னால் உள்ள புங்க மரத்தடியில் அவர் வகுப்பு வைத்திருக்கிறார். ஏன் சார் லீவில்கூட விட மாட்டேங்கிறீங்க என்று நாங்கள் சிறுவர்களாகக் கேட்டதுண்டு. "மே மாசம் நம்ம பசங்களுக்கு ஆவாதுடா" என்பார். வெயிலைச் சொல்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, வராத நாளில் வெறும் 'வ.இ.' போடாமல் காரணத்தையும் எழுதியிருக்கிறார். கடலை பிடுங்க, அம்மாவுக்குக் காய்ச்சல், சூளை, சூளை, சூளை. அந்தப் பதினோரு நோட்டுகளும் மன்ற நூலகத்தில் கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. உங்கள் பெயரும் அவற்றில் இருக்கலாம்.